தவக்காலத்தில் எதை விடுவது, ஏன் விடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு (ஈஸ்டருக்கு) முந்தைய நாற்பது நாள் நோன்புக் காலமே தவக்காலம். ஒவ்வோர் ஆண்டும் அதன் தொடக்க நாளான சாம்பல் புதன் நெருங்கும்போது மறைக்கல்வி வகுப்புகளிலும், அருகருகே வாழும் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டங்களிலும் ஏறத்தாழ ஒரே கேள்விகள், பல வேளைகளில் ஒரே சொற்களிலேயே எழுகின்றன. கேட்டவர்களின் பேச்சைக் கூடியவரை மாற்றாமல் அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் கத்தோலிக்கத் திருச்சபையின் மரபையும் சட்டத்தையும் ஒட்டியவை. பிற சபைகளின் வழக்கம் வேறுபடும் சில இடங்களில் அதையும் குறிப்பிட்டிருக்கிறேன்.

1. தவக்காலம் சரியாக எப்போது தொடங்கி எப்போது முடிகிறது?

பெரும்பாலான கத்தோலிக்கர் பின்பற்றும் இலத்தீன் வழிபாட்டு முறையில் அது சாம்பல் புதனன்று தொடங்கி, புனித வியாழன் மாலையில் நிறைவேற்றப்படும் ஆண்டவரின் இராவுணவுத் திருப்பலிக்கு முன்பு முடிகிறது. அந்தத் திருப்பலியோடு, இயேசுவின் பாடுகளையும் உயிர்ப்பையும் நினைவுகூரும் பாஸ்காவின் மூன்று நாட்கள் தொடங்கிவிடுகின்றன. ஆயினும் நோன்பின் மனநிலை பெரிய வெள்ளியிலும் மறுநாளிலும் நீடித்து, உயிர்ப்புத் திருவிழிப்பில்தான் கலைகிறது. உயிர்ப்புப் பெருவிழா மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறிலும் வரலாம் என்பதால், சாம்பல் புதனும் பிப்ரவரி 4 முதல் மார்ச் 10 வரை நகர்ந்துகொண்டே இருக்கும்.

கிழக்கத்திய வழிபாட்டு முறையைப் பின்பற்றும் கத்தோலிக்கரான கேரளத்தின் சீரோ மலபார் திருச்சபையினர் புதனுக்கு முந்தைய திங்களன்றே தொடங்கிவிடுகிறார்கள். அவர்கள் அதை ஐம்பது நோன்பு என்று அழைப்பது வழக்கம்.

2. நாட்காட்டியில் எண்ணிப் பார்த்தால் 46 நாள் வருகிறதே, 40 நாள் என்று ஏன் சொல்கிறோம்?

சாம்பல் புதன் முதல் புனித சனி வரை 46 நாட்கள்தான். ஞாயிற்றுக்கிழமை ஆண்டவருடைய உயிர்ப்பின் நாள் என்பதால் அன்று நோன்பு இருப்பதில்லை. இடையில் வரும் ஆறு ஞாயிறுகளையும் கழித்தால் 40 மிஞ்சும். 325ஆம் ஆண்டில் கூடிய ஆயர்களின் பொதுக் கூட்டமான நிசேயா சங்கத்தின் ஐந்தாம் விதியிலேயே இந்த நாற்பது நாள் காலம் பற்றிய குறிப்பு இருக்கிறது. ஆனால் எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில் ஊருக்கு ஊர் வேறுபாடு இருந்தது. உரோமையில் நோன்பு நாட்களை நாற்பதாக நிறைவு செய்வதற்காகவே பிற்காலத்தில் புதன் முதல் சனி வரையிலான நான்கு நாட்கள் முன்னால் சேர்க்கப்பட்டன. மிலான் நகரின் அம்புரோசியார் வழிபாட்டு முறையினர் அந்தச் சேர்க்கையை ஏற்காமல் இன்றும் ஞாயிறன்றே தொடங்குகிறார்கள்.

எண்ணைவிட முக்கியம், அது நினைவூட்டும் ஆட்கள்: சீனாய் மலையில் மோசே, ஓரேபை நோக்கி நடந்த எலியா, பாலைநிலத்தில் இயேசு. மூவரும் உணவின்றி இருந்தது கடவுளின் சொல்லைக் கேட்பதற்காக அல்லது அதற்கு உண்மையாக நிற்பதற்காக.

3. நான் பட்டினி கிடப்பதால் கடவுளுக்கு என்ன கிடைக்கப் போகிறது?

ஒன்றும் கிடைக்காது. ஐம்பதாம் திருப்பாடலில் கடவுளே இதைச் சற்றுக் கிண்டலாகச் சொல்கிறார்: தமக்குப் பசித்தால்கூட நம்மிடம் சொல்லப்போவதில்லை, உலகும் அதிலுள்ள யாவும் தம்முடையவையே என்கிறார். ஆகவே தவக்கால ஒறுத்தலை, அதாவது விரும்பியதை விட்டுக்கொடுப்பதை, கடவுளுக்குச் செலுத்தும் வரியாகவோ, அவருடைய கோபத்தைத் தணிக்கும் கையூட்டாகவோ நினைப்பவர் தொடக்கத்திலேயே வழி தவறுகிறார்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் நோன்புக்கு மூன்று காரணங்கள் கூறினார்: உடலின் ஆசைகளுக்குக் கடிவாளமிடுவது, மனம் இறைவனைத் தடையின்றி நாடுவது, செய்த பாவத்துக்கு ஈடு செய்வது. மூன்றுமே நம் பக்கத்தில் நடக்க வேண்டிய மாற்றங்கள். சாம்பல் புதனன்று வாசிக்கப்படும் மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் நோன்பு தனியாக வருவதில்லை; முன்னே தர்மமும் செபமும் வந்த பிறகே அது வருகிறது. இந்த மூன்றில் நோன்பை மட்டும் பிரித்தெடுத்து, எதை விட்டோம் என்பதிலேயே நின்றுவிடுவதுதான் நம்மிடையே பரவலாக இருக்கும் குறை. எதை விட்டோம் என்பது பாதிக் கேள்வி. விட்டது யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பது மறுபாதி. கீழே வரும் பல பதில்கள் இந்த இடத்துக்கே திரும்பி வரும்.

4. இயேசு நமக்காக ஒரேமுறை பலியாகிவிட்டார் என்றால் நாம் வேறு எதற்காகப் பலி செலுத்த வேண்டும்?

கிறிஸ்து ஒரே பலியால் எக்காலத்துக்கும் நிறைவை அளித்துவிட்டார் என்று எபிரேயர் திருமுகத்தின் பத்தாம் அதிகாரம் ஐயத்துக்கு இடமின்றிக் கூறுகிறது. அந்தப் பலியில் எந்தக் குறையும் இல்லை. நம் நோன்பு அதன்மேல் வைக்கப்படும் கூடுதல் தொகையும் அல்ல. ஆனால் புனித பவுல் உரோமையருக்கு எழுதும்போது (12:1) நம் உடலையே உயிருள்ள பலியாகப் படைக்கும்படி கேட்கிறார். அதைக் கேட்பதற்கு முன்னுள்ள பதினோர் அதிகாரங்களிலும் கடவுள் இலவசமாகக் காட்டிய இரக்கத்தைப் பற்றியே எழுதுகிறார். வரிசை இதுதான்: முதலில் பெற்றுக்கொள்கிறோம், பிறகு நம்மையே கொடுக்கிறோம். மீட்பை வாங்குவதற்காக அன்று, மீட்கப்பட்டவர்கள் என்பதால்தான் கொடுக்கிறோம்.

திருப்பலியில் அப்பமும் இரசமும் காணிக்கையாகப் போகும்போது அந்த வாரத்தில் நாம் விட்டதையும் பொறுத்ததையும் அவற்றோடு மனத்தால் சேர்த்து வைக்கலாம் என்று பழைய உபதேசியார்கள் கற்பித்தார்கள். தவக்கால ஒறுத்தலுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

5. சட்டப்படி கட்டாயமானது எது? ஒருசந்தியும் சுத்தபோசனமும் ஒன்றா?

ஒன்றல்ல. ஒருசந்தி என்பது நோன்பு: ஒருவேளை மட்டும் முழு உணவு, மற்ற இரு வேளைகளில் மிகச் சிறிதளவு உணவு. சுத்தபோசனம் என்பது இறைச்சியை விலக்குவது. சாம்பல் புதனிலும் பெரிய வெள்ளியிலும் இரண்டும் உண்டு. தவக்காலத்தின் மற்ற வெள்ளிக்கிழமைகளில் சுத்தபோசனம் மட்டும். 1983இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி (விதிகள் 1249 முதல் 1253 வரை) சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்களைக் கட்டுப்படுத்துகிறது. ஒருசந்தி 18 வயது நிறைந்தது முதல் 59 வயது நிறையும்வரை.

வெள்ளிக்கிழமையன்று ஒரு பெருவிழா வந்தால், எடுத்துக்காட்டாக மார்ச் 19இல் புனித சூசையப்பர் விழாவோ மார்ச் 25இல் மங்கள வார்த்தை விழாவோ (இயேசுவின் பிறப்பு மரியாவுக்கு அறிவிக்கப்பட்ட விழா) வந்தால், அன்று சுத்தபோசனக் கடமை இல்லை. நாட்டின் ஆயர் பேரவை இவ்விதிகளை ஓரளவு மாற்றியமைக்கலாம் என்பதால், ஆண்டுதோறும் மறைமாவட்டச் சுற்றறிக்கையைப் பார்த்துக்கொள்வது நல்லது. சட்டம் கேட்பது இவ்வளவு குறைவாக இருப்பது பலருக்கு வியப்பளிக்கிறது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1966இல் பழைய கடுமையான விதிகளைத் தளர்த்தியபோது, எஞ்சியதை ஒவ்வொருவரும் தம் மனச்சான்றின்படி தாமே தேர்ந்துகொள்வார்கள் என்று எதிர்பார்த்தார். பலர் தளர்வை மட்டும் எடுத்துக்கொண்டு எதிர்பார்ப்பை விட்டுவிட்டார்கள்.

6. வெள்ளிக்கிழமை கோழி கூடாது, ஆனால் வஞ்சிரம் வறுத்துச் சாப்பிடலாம் என்பது என்ன நியாயம்?

சட்டத்தின்படி சாப்பிடலாம். விலக்கப்பட்டது விலங்குகளின், பறவைகளின் இறைச்சி. மீனும் முட்டையும் பாலும் தடைசெய்யப்படவில்லை. மத்தியதரைக் கடலை ஒட்டிய பழைய உலகில் இறைச்சி என்பது விருந்துக்கும் கொண்டாட்டத்துக்கும் உரிய உணவு. மீன் பெரும்பாலும் எளியவர்களின் உணவு. இடைக்கால ஐரோப்பாவில் முட்டை, பால், வெண்ணெய் ஆகியவற்றையும் விலக்கினார்கள். கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபையினர் இன்றும் விலக்குகிறார்கள்.

இந்த நியாயத்தைத் தெரிந்துகொண்டால் உங்கள் கேள்விக்குப் பதிலும் தெரிந்துவிடும். நம் சந்தைகளில் ஒரு கிலோ வஞ்சிரத்தின் விலை ஒரு கிலோ கோழியின் விலையைவிடப் பல மடங்கு. புனித அகுஸ்தின் தம் தவக்கால மறையுரைகளில், இறைச்சியை விலக்கிவிட்டு அதற்கு ஈடாக அரிய, விலையுயர்ந்த பண்டங்களைத் தேடி அலைபவர்களைக் கடிந்துகொண்டார். அத்தகையோர் ஆசையை அடக்கவில்லை, அதன் வகையைத்தான் மாற்றியிருக்கிறார்கள் என்பது அவர் கருத்து. விதியை மீறாமலேயே அதன் நோக்கத்தைத் தோற்கடிக்க முடியும்.

7. நான் பிறந்ததிலிருந்தே சைவம். எனக்கு வெள்ளிக்கிழமை என்ன ஒறுத்தல் இருக்கிறது?

சட்டத்தை நீங்கள் முயற்சியின்றியே நிறைவேற்றிவிடுகிறீர்கள். அதன் பொருளை நிறைவேற்ற வேறொன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். நீங்கள் உண்மையில் விரும்பி உண்ணும் ஒன்று இருக்குமே, அது போதும்.

8. காபி, சீரியல், செல்போன் ஆகியவற்றை விட்டால் அது தவக்கால ஒறுத்தலாகுமா?

ஆகும். உணவு மட்டுமே ஒறுத்தலுக்குரியது என்று திருச்சபை ஒருபோதும் சொன்னதில்லை. 387ஆம் ஆண்டின் தவக்காலத்தில் அந்தியோக்கியா நகரமே அச்சத்தில் உறைந்திருந்தது. புதிய வரிக்கு எதிரான கலவரத்தில் மக்கள் பேரரசரின் சிலைகளை உடைத்துவிட்டு, தண்டனைக்காகக் காத்திருந்தார்கள். அந்த நாட்களில் மறையுரையாற்றிய புனித யோவான் கிறிசோஸ்தோம், வாய் மட்டுமல்ல, கண்ணும் காதும் கையும் காலும் நோன்பிருக்க வேண்டும் என்றார். இறைச்சியைத் தொடாமல் உடன்பிறந்தாரைப் புறங்கூறிக் கடித்துத் தின்பவர்களுக்கு நோன்பால் என்ன பயன் என்றும் கேட்டார்.

செல்போனை விடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காபியை விட்டால் கொஞ்சம் பணம் மிச்சமாகும். செல்போனை விட்டால் மிச்சமாவது நேரம். அந்த நேரம் தூக்கத்துக்கும் தொலைக்காட்சிக்கும் போய்விட்டால், ஓர் உண்டியலிலிருந்து எடுத்து இன்னோர் உண்டியலில் போட்டது போலத்தான். படுக்கையில் இருக்கும் பெரியவரிடம் உட்கார்ந்து பேசுவதற்கோ, குடும்பச் செபத்துக்கோ, சிலுவைப் பாதைக்கோ அது போய்ச் சேர்ந்தால் மூன்றாம் பதிலில் சொன்ன மறுபாதியும் நிறைவேறும்.

9. நோன்பில் மிச்சமாகும் பணத்தைக் கோயில் உண்டியலில் போட்டால் போதுமா, வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?

இந்தப் பக்கத்தில் உள்ளவற்றுள் நான் மிக முக்கியமானதாகக் கருதும் கேள்வி இது. இரண்டாம் நூற்றாண்டில் உரோமையில் எழுதப்பட்ட எர்மாவின் மேய்ப்பர் என்ற நூலில் நோன்புக்குத் தெளிவான செய்முறையே தரப்பட்டிருக்கிறது: நோன்பு நாளில் அப்பமும் தண்ணீரும் மட்டும் உட்கொள், அன்று வழக்கம்போல் உண்டிருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும் என்று கணக்கிடு, அந்தத் தொகையை ஒரு கைம்பெண்ணுக்கோ அநாதைக்கோ இல்லாதவருக்கோ கொடு. அதே நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரத்து அரிஸ்தீது, கிறிஸ்தவர்களைப் பற்றிப் பேரரசருக்கு விளக்கும்போது இன்னும் வியப்பான ஒன்றைச் சொல்கிறார்: தங்களிடையே ஓர் ஏழை இருந்து, அவருக்குக் கொடுக்கத் தங்களிடம் மிகுதியாக ஒன்றும் இல்லாவிட்டால், அவர்கள் இரண்டு மூன்று நாட்கள் நோன்பிருந்து அந்த உணவை அவருக்குக் கொடுக்கிறார்கள் என்கிறார். அங்கே ஏழையின் பசிதான் முதலில் வருகிறது. நோன்பு அதற்கான வழியாக மட்டுமே இருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டில் திருத்தந்தை பெரிய லியோவும், நோன்பிருப்பவர் தவிர்த்த உணவு ஏழையின் உணவாக வேண்டும் என்று தம் மறையுரைகளில் திரும்பத் திரும்ப வற்புறுத்தினார்.

கோயில் உண்டியலில் போடுவதில் தவறில்லை. உங்கள் பங்கில் (கோயிலைச் சேர்ந்த சமூகத்தில்) ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபை மூலமாகக் கொடுக்கலாம். தெரிந்த ஒரு மாணவரின் கட்டணத்துக்கும் கொடுக்கலாம். ஆனால் கணக்குப் பார்த்துக் கொடுங்கள். ஒரு வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டில் எவ்வளவு மிச்சமானது என்று தாளில் எழுதினால்தான் அது மிச்சமானதா, அல்லது உயிர்ப்புப் பெருவிழா மட்டன் பிரியாணிக்காகத் தள்ளிவைக்கப்பட்டதா என்பது தெரியும்.

10. நோன்பு இருப்பது யாருக்கும் தெரியக்கூடாது என்று இயேசு சொன்னாரே, பிறகு ஏன் நெற்றியில் சாம்பல் பூசுகிறோம்?

நல்ல கேள்வி. நோன்பிருக்கும்போது தலையில் எண்ணெய் தேய்த்து முகத்தைக் கழுவும்படி சொல்லும் நற்செய்திப் பகுதியை வாசித்த அதே திருப்பலியில் முகத்தில் சாம்பலோடு வெளியே வருகிறோம். இத்தாலி, போலந்து முதலிய நாடுகளில் சாம்பலை உச்சந்தலையில் தூவுவதே வழக்கம். அடையாளம் எதுவாயினும் இவர் பாவி, மண்ணுக்குத் திரும்புகிறவர் என்பதை அது காட்டுகிறதே தவிர, இவர் எவ்வளவு தவம் செய்கிறார் என்பதைக் காட்டவில்லை. கோயிலிலுள்ள அனைவரும் ஒன்றாகப் பெறும் அடையாளத்தில் தற்பெருமைக்கு இடம் குறைவு.

தனிப்பட்ட ஒறுத்தல் வேறு. வீட்டில் சமைப்பவருக்குத் தெரியாமல் ஒருசந்தி இருக்க முடியாது; தெரிவது குற்றமும் அல்ல. புனித பெனடிக்ட் தம் சபை ஒழுங்கின் 49ஆம் அதிகாரத்தில், ஒவ்வொரு துறவியும் தவக்காலத்தில் தாம் கூடுதலாகச் செய்யப்போவதை மடத்துத் தலைவரிடம் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும் என்கிறார். ஒப்புதலின்றிச் செய்வது தற்பெருமையாகவே கருதப்படும். ஒருவரிடம் சொல்லிவைப்பது மறைப்பதைவிடப் பாதுகாப்பானது என்பது அவருடைய அனுபவம். வாட்ஸ்அப் நிலைத்தகவலில் எழுதுவதை அவர் மனத்தில் வைத்திருக்க மாட்டார் என்று நம்பலாம்.

11. எனக்குச் சர்க்கரை நோய். என் மருமகள் நிறைமாதம். என் மகன் சித்தாள் வேலை பார்க்கிறான். நாங்கள் என்ன செய்வது?

நோயுற்றோரையும் கருவுற்ற, பாலூட்டும் தாய்மாரையும் கடும் உடலுழைப்பு செய்வோரையும் ஒருசந்தி கட்டுப்படுத்தாது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் உணவைத் தவிர்ப்பது ஆபத்து. தன் கடமையைச் செய்ய இயலாத அளவுக்கு ஒருவர் நோன்பிருப்பது முறையன்று என்று அக்குவினாசும் எழுதினார். சாப்பிட்டுவிட்டு மனம் உறுத்துகிறது என்று நீங்கள் சொன்னால், உங்கள் உணவுக் கட்டுப்பாடே ஆண்டு முழுவதும் நீங்கள் சுமக்கும் ஒறுத்தல் என்றுதான் சொல்வேன். மருத்துவர் கொடுத்ததை முறுமுறுப்பின்றி ஏற்பதும் காணிக்கையாகும்.

12. அப்படியானால் நோன்புக்குப் பதில் பணம் கொடுத்துவிட்டால் போதுமா?

இயலாதவர்களுக்கு அது தகுந்த மாற்று. இயன்றவர்களுக்கு அது தப்பிக்கும் வழியாகிவிடலாம். பிரான்சின் ரூவான் நகரப் பேராலயத்தில் பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் கட்டத் தொடங்கிய கோபுரம் ஒன்று இன்றும் வெண்ணெய்க் கோபுரம் என்றே அழைக்கப்படுகிறது. தவக்காலத்தில் வெண்ணெய் உண்ண அனுமதி பெற்றவர்கள் கொடுத்த பணம் அதன் செலவுக்குப் போனது என்பதே பெயருக்குக் காரணம். கோபுரம் அழகானதுதான். ஆனால் வசதியுள்ளவர் வெண்ணெய் உண்ண, வசதியற்றவர் மட்டும் நோன்பிருக்கும் ஏற்பாட்டை மார்ட்டின் லூத்தர் கடுமையாகச் சாடியதில் நியாயம் உண்டு.

தாவீது அரசருக்கு அரவுனா என்பவர் பலிக்குரிய களத்தையும் காளைகளையும் இலவசமாகக் கொடுக்க முன்வந்தபோது, தமக்குச் செலவில்லாத பலியைக் கடவுளுக்குச் செலுத்தமாட்டேன் என்று அவர் மறுத்தார் (2 சாமுவேல் 24:24). மாதச் சம்பளத்தில் தெரியாமலே போய்விடும் தொகை என்றால், கொடுப்பவருக்கு அது அந்த இலவசக் காளையைப் போன்றதே.

13. ஞாயிற்றுக்கிழமை மட்டும் விட்டதைச் சாப்பிடலாமா?

சாப்பிடலாம், காரணம் இரண்டாம் பதிலில் உள்ளது. ஆனால் புகை, குடி போன்ற பழக்கங்களை விடுபவர்கள் இந்தச் சலுகையைப் பயன்படுத்தாமல் இருப்பதே அறிவு.

14. தவக்கால வெள்ளியன்று உறவினர் வீட்டுக்குப் போனேன், பிரியாணி வைத்துவிட்டார்கள். மறுத்தால் வருத்தப்படுவார்கள். என்ன செய்திருக்க வேண்டும்?

நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எகிப்தின் பாலைநிலத் துறவிகளைச் சந்தித்த யோவான் காசியன் ஒன்றைப் பதிவு செய்திருக்கிறார். விருந்தினர் வந்ததும் ஒரு முதியவர் தம் நோன்பை முறித்து உடன் அமர்ந்து உண்டார். காரணம் கேட்டதற்கு, நோன்பு எப்போதும் என்னோடு இருக்கிறது, நீங்களோ போய்விடுவீர்கள் என்னும் பொருளில் பதில் சொன்னார். ஆனால் அதே காசியன், எல்லாருக்கும் பொதுவாக விதிக்கப்பட்ட புதன், வெள்ளி நோன்புகளை அவர்கள் இவ்வாறு தளர்த்தவில்லை என்பதையும் குறிப்பிடுகிறார்.

இந்த வேறுபாடு நமக்கும் பொருந்தும். நீங்களாக எடுத்த ஒறுத்தல், காபியோ இனிப்போ, அன்புக்காகத் தயங்காமல் வழிவிடலாம். பொதுச் சட்டமான வெள்ளிக்கிழமைச் சுத்தபோசனத்தைப் பொறுத்தவரை, “இன்று எங்களுக்கு வெள்ளிக்கிழமை, எனக்கு வெறும் சோறும் ரசமும் போதும் அத்தை” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் நம் ஊரில் யாரும் வருத்தப்படுவதில்லை. விரதம் என்ற பேச்சு எந்தச் சமயத்தவர் வீட்டிலும் புரியும்.

15. எடையும் குறையும், புண்ணியமும் கிடைக்கும் என்று நோன்பிருந்தால் தவறா?

எடை குறைவது தவறில்லை. ஆனால் தினமும் எடைக் கருவியில் ஏறிப் பார்ப்பவர், அந்த நோன்பு யாரைச் சுற்றி வருகிறது என்று தம்மையே கேட்டுக்கொள்ளட்டும்.

16. மகனுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று 40 நாளும் ஒருசந்தி இருக்கிறேன். கடவுள் கேட்பாரா?

மகனுக்காக மன்றாடுவது தாயின் உரிமை; நோன்போடு சேர்ந்த செபம் விவிலியம் முழுவதிலும் உண்டு. அதைத் தயக்கமின்றித் தொடருங்கள். ஆனால் நோன்பை விலையாகவும் வேலையைப் பொருளாகவும் வைத்துவிடாதீர்கள். ஆயிரக்கணக்கான ஆட்டுக்கடாக்களைக் கொடுத்தால் ஆண்டவர் மகிழ்வாரா, தலைப்பிள்ளையையே கொடுக்கலாமா என்று விலையை உயர்த்திக்கொண்டே போகும் ஒருவரை இறைவாக்கினர் மீக்கா ஆறாம் அதிகாரத்தில் காட்டுகிறார். அவருக்குக் கிடைக்கும் பதில் வேறு வகையானது: நேர்மையாக நட, இரக்கத்தை விரும்பு, உன் கடவுளோடு தாழ்மையாக நட.

வேலை கிடைக்காவிட்டால் நோன்பு வீண் என்று தோன்றினால், உள்ளே ஒரு பேரம் இருந்திருக்கிறது என்று பொருள். அதைக் கண்டுகொள்வதும் நோன்பின் பயனே. இயேசுவும் கெத்சமனியில் கிண்ணம் அகல வேண்டும் என்று கேட்டார், அது அகலவில்லை.

17. வேதத்தில் லெந்து நாட்கள் என்று எங்கும் இல்லையே என்று என் நண்பர் கேட்கிறார்.

லெந்து என்பது தவக்காலத்துக்குப் பிற சபையினர் வழங்கும் பெயர். அந்தப் பெயரில் ஒரு காலம் விவிலியத்தில் விதிக்கப்படவில்லை என்பது உண்மை. 1522இல் சூரிச் நகரில் அச்சகர் கிறிஸ்டோஃப் ஃப்ரோஷவரின் வீட்டில், தவக்காலத்தின் நடுவே, சிலர் கூடித் துணிந்து இறைச்சித் துண்டங்களை உண்டார்கள். அங்கே இருந்தும் உண்ணாத சமயச் சீர்திருத்தவாதி உல்ரிக் சுவிங்லி, உணவைத் தேர்வதில் கிறிஸ்தவருக்கு உரிமை உண்டு என்று பின்னர் மறையுரையாற்றி அவர்களை ஆதரித்தார். அவர் நோன்பை வெறுக்கவில்லை. அதைக் கட்டாயமாக்குவதையே எதிர்த்தார். நம் நாட்டில் தென்னிந்தியத் திருச்சபை, லுத்தரன் சபைகள் ஆகியவற்றில் லெந்து நாட்கள் இன்றும் பக்தியோடு அனுசரிக்கப்படுகின்றன. பல பெந்தெகொஸ்தே சபையினர் இந்தக் காலத்தைக் கடைப்பிடிப்பதில்லை என்றாலும் உபவாச செபத்தில் நம்மைவிட ஊக்கமானவர்கள். நண்பரோடு வாதாடுவதைவிட, ஒரு நாள் சேர்ந்து நோன்பிருந்து இருவரும் மிச்சப்படுத்தியதை ஒரே ஏழைக்குக் கொடுக்கலாம்.

18. என் கணவர் தவக்காலம் முழுவதும் குடிக்க மாட்டார். உயிர்ப்பு ஞாயிறு மதியமே தொடங்கிவிடுவார். இதைத் தவம் என்று சொல்வதா?

இந்தக் கேள்வியைக் கேட்காத பங்கு இல்லை. அவருடைய நாற்பது நாட்களை இகழாதீர்கள். அவை உண்மையான போராட்டமாக இருந்திருக்கலாம். ஆனால் பெரும்பாலான ஒறுத்தல்கள் நல்ல ஒன்றைத் தற்காலிகமாக விடுவது. காபி நல்லது, அதைத் திரும்ப எடுக்கலாம். குடும்பத்தைச் சிதைக்கும் குடியோ விடவேண்டிய தீமை. நாற்பது நாள் மட்டும் தீமையை நிறுத்திவைப்பது தவமாகாது. மனமாற்றத்துக்குக் கிடைத்த ஒரு வாசல் என்று அதைச் சொல்லலாம்.

அந்த நாட்களில் வீட்டில் மிச்சமான பணத்தையும், பிள்ளைகள் எப்படி இருந்தார்கள் என்பதையும் அவர் தெளிவாக இருக்கும்போதே அவரிடம் காட்டுங்கள். அந்தப் பணம் போய்ச் சேர வேண்டிய முதல் ஏழை வீடு உங்கள் வீடாகவே இருக்கலாம். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்துவது உடலுக்கு ஆபத்தாகலாம். ஆகவே செபத்தோடு மருத்துவரின் துணையும் தேவை.

19. மாமியாரும் கணவரும் என்னை அடிக்கிறார்கள். இதைச் சிலுவையாக ஏற்று ஒப்புக்கொடு என்று ஒரு பெரியவர் சொன்னார். சரியா?

சரியல்ல. தம் உயிரை யாரும் தம்மிடமிருந்து பறித்துக்கொள்வதில்லை, தாமாகவே கொடுப்பதாக இயேசு சொன்னார் (யோவான் 10:18). அந்த விருப்பம்தான் பலியைப் பலியாக்குகிறது. அச்சத்தால் அடங்கி அடி வாங்குவது உங்களிடமிருந்து பறிக்கப்படுவது. அதைப் பொறுத்துக்கொண்டால் அடிப்பவரின் பாவமும் வளர்கிறது. நுகத்தடிகளை உடைப்பதும் ஒடுக்கப்பட்டவரை விடுவிப்பதுமே தாம் விரும்பும் நோன்பு என்று எசாயா 58ஆம் அதிகாரத்தில் கடவுள் சொல்லும்போது, உங்கள் நிலையில் இருப்பவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறார்.

நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழைக்கலாம். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உங்களுக்குப் பாதுகாப்பு தருகிறது. பாதுகாப்பை நாடுவது சிலுவையை மறுப்பது ஆகாது.

20. அருளானந்தர் போன்ற புனிதர்கள் உயிரையே கொடுத்தார்கள். நாம் இனிப்பை விடுவதற்கெல்லாம் பொருள் உண்டா?

போர்த்துகல் நாட்டு இயேசு சபைக் குருவான புனித அருளானந்தர் (ஜான் தே பிரிட்டோ) ஓரியூரில் தலைவெட்டப்பட்ட 1693ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் ஒரு சாம்பல் புதன். ஆனால் அவருடைய ஒறுத்தல் அன்று தொடங்கவில்லை. லிஸ்பன் அரசவையில் வளர்ந்த அவர், புலால் நீக்கி, பண்டாரசுவாமிகள் எனப்பட்ட துறவிகளின் உடையையும் உணவையும் ஏற்று, தமிழ் மண்ணில் ஆண்டுக்கணக்கில் நடந்து திரிந்தவர். 1686இல் மறவ நாட்டில் பிடிபட்டுச் சித்திரவதைக்கு உள்ளாகிப் பிறகு போர்த்துகலுக்கு அனுப்பப்பட்டபோது, அரசர் அங்கேயே தங்கும்படி கேட்டும் திரும்பி வந்தார். தட்டில் தொடங்கிய மறுப்புகளின் நீண்ட வரிசையில் கடைசியாக வந்தது அந்தப் புதன். அந்த வரிசையின் முதல் இடத்தில் ஓர் இனிப்பு இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

21. மூன்றாம் வாரத்திலேயே முறித்துவிட்டேன். பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா?

நீங்களாக எடுத்த ஒறுத்தலை முறித்தது பாவமல்ல. கடவுளுக்கு வாக்களித்த நேர்ச்சையாக இருந்தால் மட்டும் குருவிடம் கேளுங்கள். ஐந்தாம் பதிலில் சொன்ன கட்டாய நாட்களை வேண்டுமென்றே புறக்கணித்திருந்தால் அதைச் சொல்ல வேண்டும். மற்றபடி மறுநாள் மீண்டும் தொடங்குங்கள்.

22. உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பிறகு விட்டதையெல்லாம் பழையபடி எடுத்துக்கொள்ளலாமா, அல்லது தொடர வேண்டுமா?

எடுத்துக்கொள்ளுங்கள், மகிழ்ச்சியோடு. தொடக்கத் திருச்சபையில் உயிர்ப்பு முதல் பெந்தகோஸ்து வரையிலான ஐம்பது நாட்களில் நோன்பிருப்பதையே தகாததாகக் கருதினார்கள். பதினெட்டாம் கேள்வியில் உள்ளது போன்ற பழக்கங்கள் மட்டும் இதற்கு விலக்கு. காபியும் இனிப்பும் திரும்பி வரட்டும். தவக்காலத்தில் ஒரு மாணவருக்கோ முதியவருக்கோ கொடுத்துப் பழகியிருந்தால், அவருக்கு மே மாதத்திலும் பசிக்கும் என்பதால் அதை மட்டும் நிறுத்தாதீர்கள்.